ஆறு கொண்டை ஊசிகள்

என் மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீ சுகமா என்று ஆரம்பிப்பதுதான் நம் வீட்டு வழக்கம், இந்த முறை அந்த வரி பேனாவில் இறங்கமாட்டேன் என்கிறது. நீ சுகமாகத்தான் இருக்கிறாய், படத்தில் பார்த்தேன், கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம். உனக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறார்களே அந்தப் பெண்கள், அவர்கள் சுகமா என்பதுதான் என் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைத்தான் கத்தினேன். நீ என்ன செய்தாய், "சரிம்மா, நான் பாத்துக்கறேன், நீ மொதல்ல பிரஷர் மாத்திரை போட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான்கு தடவை அடித்தேன், மணி போகிறது, எடுக்க ஆளில்லை. அம்மா கோபம் அடுப்பில் வைத்த பால், பொங்கும், கொஞ்சம் விட்டால் தானே அடங்கும் என்று நினைத்திருப்பாய். அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து உன் போனுக்கும் அனுப்புவான், காகிதம் கூரியரில் தனியாக வரும், எதையும் பார்க்கவில்லை என்று தப்பிக்க வழி கிடையாது.

அந்தப் படத்தை முதல் தடவை பெருமையாகத்தான் பார்த்தேன். "விபத்தில்லா இருநூறு நாட்கள்" என்று பெரிய பலகை, பக்கத்தில் நீ, கையில் கண்ணாடிக் கோப்பை, சுற்றிலும் பலூன். பக்கத்து வீட்டு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன், என் பெண்தான் அங்கே ஷிஃப்ட் சூப்பர்வைசர், பிரஸ் மெஷின் பிரிவு முழுக்க அவள் கையில்தான் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் உன் தம்பி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொடுத்தான். ஏன் கற்றுக்கொடுத்தோம் என்று இப்போது அவனே நொந்துகொள்கிறான். ஏனென்றால் பதினேழு வருஷம் தகர மூடி அடித்தவள் நான், ஒரு பட்டறைப் படத்தைக் கொடுத்தால் எனக்கு ஆட்களின் முகம் தெரியாது, மெஷின்தான் தெரியும். அந்தப் பலூன்களை எதில் கட்டியிருக்கிறாய் என்று பார்த்தாயா? மெஷினை உடனே நிறுத்துகிற சிவப்புப் பட்டன் இருக்கிற கம்பத்தில்! பட்டனே தெரியவில்லை. ஒருத்தி கை மாட்டிக்கொண்டு அலறினால் அடுத்தவள் பலூனை விலக்கித் தேடிக்கொண்டிருக்க வேண்டுமா? பின்பக்கக் கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறாய், தீ பிடித்தால் யார் தாண்டுவார்கள், நீ தாண்டுவாயா? பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்கே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவள் நீ. இரண்டாவது மெஷின் அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறது, அதைத் துடைக்காமல் மேலே ஒரு அட்டையை விரித்துவிட்டிருக்கிறீர்கள். எண்ணெய்மேல் அட்டை என்றால் அது வழுக்குமரம், தெரியாதா? மெஷின் முன்னால் இருக்க வேண்டிய கம்பிவலைக் கதவு எங்கே என்று தேடினேன், மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவைத்திருக்கிறது. கோடியில் ஒரு ஒல்லிப் பெண் நிற்கிறாள், கையைப் பின்னால் ஒளிக்கப் பார்க்கிறாள், கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறது. விபத்தே இல்லாத இருநூறு நாளில் அந்தத் துணி எப்படி வந்தது, அழகுக்குக் கட்டிக்கொண்டாளா?

அந்தப் பலகை இருக்கிறதே, எனக்கு அதன்மேல்தான் முதல் ஆத்திரம். அடிபட்டதைச் சொன்னால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும், எல்லோருடைய பரிசும் போகும், பாவி ஒருத்தியால் கெட்டது என்று கூட வேலை செய்பவர்களே திட்டுவார்கள். அதனால் அவள் ரத்தத்தைத் துடைத்துத் துணி சுற்றிக்கொண்டு படத்துக்குச் சிரிக்கிறாள். உன்னிடம் வந்து சொல்லவிடாமல் அவளைத் தடுத்தது யார்? அந்தப் பலகைதான், அதற்குப் பக்கத்தில் கோப்பையோடு நிற்கிற நீதான். சின்னக் காயத்தைச் சொல்ல விடாத இடத்தில் பெரிய காயம் சொல்லாமலே வரும். அவளை முதலில் கூப்பிட்டு என்ன ஆயிற்று, எந்த மெஷினில், எப்படி என்று திட்டாமல் கேள். நீ திட்டினால் அடுத்தவள் துணியைக்கூடக் காட்டமாட்டாள்.

இதோடு போயிருந்தால் நான் வெறுமனே சலித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாயே, அதைத் தம்பி படித்துக் காட்டினான், அப்போதுதான் சமையலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, இந்தப் பரிசு உனக்குத்தான். உன் கொண்டை ஊசி வித்தையைத்தான் ஆறு மெஷின்லயும் இறக்கியிருக்கேன், உற்பத்தி எங்கேயோ போயிடுச்சு, எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க." இப்படி எழுதி ஒரு கைதட்டல் படம் வேறு. அடிப்பாவி! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயால் உன்னையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன். உனக்குப் பத்து வயதிருக்கும், விடுமுறையில் உன்னையும் தம்பியையும் உட்காரவைத்துக்கொண்டு, பட்டறையில் எல்லோரும் நாளுக்கு மூவாயிரம் மூடி அடித்தால் உங்கம்மா நாலாயிரத்து ஐந்நூறு அடிப்பாள், எப்படித் தெரியுமா என்று ஜம்பமாகச் சொன்னேன். தலையிலிருந்து ஒரு ஊசியைப் பிடுங்கி வாசல் அழைப்புமணியில் செருகி அது விடாமல் அடிப்பதைக் காட்டினேன், நீங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் புரண்டீர்கள். அந்தக் கதையில் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன். மீதிப் பாதியை இன்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்த மெஷின்தான், இருந்தாலும் சொல்கிறேன். வலது பக்கம் ஒரு பச்சைப் பட்டன், இடது பக்கம் ஒரு பச்சைப் பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு கீழே இறங்கும். ஒன்று போதாதா, இரண்டு எதற்கு? இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குக் கீழே கை இருக்க முடியாது, அதற்குத்தான். அந்த மெஷினைச் செய்தவன் யாரோ, நம்மைப் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் நம் கையை நினைத்துக்கொண்டு செய்திருக்கிறான். நாங்கள் என்ன செய்தோம், இடது பட்டனை அழுத்திப் பிடித்து அதன் ஓரத்து இடுக்கில் கொண்டை ஊசியைச் செருகிவிடுவோம். பட்டன் உள்ளேயே நிற்கும். அப்புறம் வலது கை பட்டனைத் தட்டத் தட்ட, இடது கை தகரத்தை வைக்கவும் மூடியை எடுக்கவும் பறக்கும். இதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். எங்கள் ஃபோர்மேனைக் கடிகாரம் என்று கூப்பிடுவோம், கையைத் திருப்பித் திருப்பி மணி பார்த்துக்கொண்டே நடப்பார். அவருக்கு ஊசி தெரியும். தெரியாததுபோல் மெஷினுக்கு மேலே பார்த்துக்கொண்டு போவார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். ஒருநாள் நானே கேட்டேன், ஆபத்தில்லையா சார் என்று. "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

உன் சித்தி என் பக்கத்து மெஷினில் இருந்தாள். அவள் ஊசி செருகமாட்டாள், பயந்தாங்கொள்ளி என்று நானே கேலி செய்வேன். அன்றைக்கு அவள் மெஷினில் அச்சு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றுவலி, கழிப்பறைக்குப் போக வேண்டும். அக்கா நீ போ, நான் பாத்துக்கறேன் என்று என் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுந்து போய்விட்டேன். ஊசியை எடுக்கவில்லை. எடுக்க மறந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பொய். எடுத்தால் மறுபடி செருக வேண்டுமே, எதற்கு என்று விட்டேன். அவள் இரண்டு மூடி அடித்தாளோ மூன்று அடித்தாளோ, ஒரு தகரம் கோணலாக உட்கார்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய இடது கையை உள்ளே விட்டாள். குனிந்த வாக்கில் வலது கையை ஊன்றினாள், ஊன்றிய இடம் வலது பட்டன். எழுந்து போகும்போது அக்கா ஊசியை எடுத்திருப்பாள், இரண்டையும் அழுத்தாமல் மெஷின் இறங்காது என்று நம்பித்தான் கையை விட்டாள். அவள் செய்த ஒரே தப்பு மெஷினை நம்பியது. நான் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள், மெஷினை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவளைப் பிடிப்பதற்கு முன்னால், கேட்டுக்கொள், என் கூடப்பிறந்தவளைப் பிடிப்பதற்கு முன்னால் நான் அந்த ஊசியைப் பிடுங்கினேன். பிடுங்கி என் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

மூன்று விரல். உனக்கு அப்போது ஆறு வயது, அழைப்புமணி ஜம்பமெல்லாம் அதற்கு அப்புறம்தான். தூக்கக் கலக்கத்தில் சித்தி கையை விட்டுவிட்டாள் என்று சொல்லி வளர்த்தோம். அறிக்கையிலும் அதையே எழுதினார்கள், தொழிலாளியின் கவனக்குறைவு. சாட்சி என்று கீழே கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா, நான். கடிகாரம் பேனாவை நீட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் அதை நம்பினாள். யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே, என் புத்தி என் கையில இல்ல, அதான் கையும் போச்சு என்பாள். எப்படியோ இரண்டு பட்டனையும் நானே அழுத்தியிருக்கேன் என்று சொல்வாள், எப்படி என்றுதான் அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தினமும் காலையில் அவள் தலையை நான்தான் வாரிப் பின்னி விடுகிறேன், நீ பார்த்திருக்கிறாய், அக்காவுக்குத் தங்கைமேல் எவ்வளவு உயிர் என்று தெருவே சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவள் கொண்டையில் ஊசி குத்துவேன். என்ன ஜென்மம் என்று நீ நினைக்கலாம், நினை, நான் குறுக்கே வரமாட்டேன்.

உன் செய்தியைப் பார்த்த மறுநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் வாயில் பூட்டுப் போட்டிருந்தவள், உன் ஆறு மெஷினுக்காகத் திறந்தேன். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், உனக்குத்தான் தெரியுமே, மோவாயால் பிடித்துக்கொண்டு ஒரு கையால் மடிப்பாள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் மடித்தாள். கடைசிச் சட்டையை அடுக்கிவைத்துவிட்டு, "எத்தனை மெஷின்ல சொருகியிருக்காளாம்?" என்று கேட்டாள். ஆறு என்றேன். "மொதல்ல அதை எடுக்கச் சொல்லு. நம்ம வழக்கை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மூன்று நாளாகத் தலை வார என்னிடம் வருவதில்லை, பல்லால் ரப்பர் பேண்டைக் கடித்து இழுத்துத் தானே ஏதோ ஒரு முடிச்சாகக் கட்டிக்கொள்கிறாள். சீப்பை எடுத்துக்கொண்டு காலையில் நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இதை எழுதும்போது உன் அப்பா தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, பிள்ளை தனியா இருக்கு, இப்படியா எழுதுவ என்கிறார். அவர் யோக்கியதையைக் கேள். நேற்று குளியலறை பல்பு போய்விட்டது, பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்கிறார், கை முழுக்க ஈரம், சுவிட்சையும் அணைக்கவில்லை. கீழே இறங்குங்க என்றால், முப்பது வருஷமா இப்படித்தான் மாத்தறேன், ஒண்ணும் ஆனதில்லை என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஒன்றும் ஆகாத நாளெல்லாம் ஒன்றும் ஆகாதுதான், ஆன பிறகு பேசி என்ன, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. போட்ட சத்தத்தில் இறங்கிவிட்டார், பல்பைத் தம்பி மாற்றினான். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, தைலம் தேய்க்கிறேன். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், இப்படி நடுவில் வந்துவிட்டது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அவங்களேதாம்மா கேக்கறாங்க, கணக்கு முடியலேன்னா மேல இருக்கறவங்க ஆளைக் குறைப்பாங்க என்பாய். அவர்கள் கேட்பார்கள், நானும் கேட்டவள்தான், செருகினவளே நான்தான். வீட்டில் இரண்டு பிள்ளை இருந்தால் எவளும் செருகுவாள். வேண்டாம் என்று சொல்லத்தானே உன்னைச் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள்? கடிகாரம் போல மேலே பார்த்துக்கொண்டு நடக்கவா உன்னைப் படிக்கவைத்தேன்? மேலே இருக்கிறவர்களிடம் பேசப் பயமாக இருந்தால் எழுதிக் கொடு, ஊசியை எடுத்தால் இவ்வளவுதான் வரும், இதுதான் உண்மையான கணக்கு என்று கையெழுத்துப் போட்டுக் கொடு. என்னைப்போல் தப்பான காகிதத்தில் போடாதே. தகரம் கோணினால் கையை விடக்கூடாது, நுனியில் காந்தம் வைத்த குச்சி மெஷினுக்கு ஒன்றாகச் செய்து தொங்கவிடு, அதால் இழுக்கட்டும். அதற்கும் வரவில்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிடு, யார் கையை விடுகிறாளோ அவள் இடுப்பில் சாவி இருக்க வேண்டும், உன் இடுப்பில்கூட இருக்கக் கூடாது. ஒருத்தி எழுந்து இன்னொருத்தி உட்கார்ந்தால், உட்காருகிறவள் முதலில் ஒரு பட்டனை மட்டும் அழுத்திப் பார்க்கட்டும், அச்சு அசைந்தால் எழுந்து வந்து உன்னிடம் சொல்லட்டும். எண்ணெயைத் துடை, பெட்டியை நகர்த்து, வலைக்கதவின் கம்பியை அறு, பலூனைப் பிய்த்து எறி. ஊசி செருகினவளுக்கு ஒன்றும் ஆகாது, எனக்கு என்ன ஆயிற்று, பத்து விரலோடு உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் அந்த இடத்தில் வந்து உட்காருகிறாளே, அவளுக்குத்தான் ஆகும். துணி சுற்றின அந்த ஒல்லிப் பெண் நாளைக்கு உட்காரலாம். அவளுக்கு அக்கா இருக்கிறாளோ என்னவோ.

ஊசியை எடுத்ததும் குப்பையில் போடாதே. ஆறையும் ஒரு உறையில் போட்டு என் பெயருக்கு அனுப்பு, ஐந்து வந்தால் நான் ஏற்கமாட்டேன். அதைக் கையில் வாங்கும்வரைக்கும் இந்த வீட்டில் எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது. உன்மேல் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்குமேல் எனக்குச் சேர வேண்டியது, அது உனக்கும் தெரியட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போ, அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு குனியாதே, சட்டைப்பையில் போடு. கையும் காலும் முழுசாக, நூறு வயது இருக்க வேண்டும் நீ, உன் கையை நம்பி உட்காருகிற அத்தனை பேரும் இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, எடுத்த உடனே ஒரு வார்த்தை போனில் சொல், கூரியருக்குக் காத்திராதே. உன் சித்தி என்னிடம் வேறு எதுவும் பேசுவதில்லை, காபியைக்கூடத் தானே கலந்துகொள்கிறாள். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து தம்பி வந்ததும் ஒரு தடவை, வந்து கதவோரம் நின்று ஒரே கேள்விதான் கேட்கிறாள், "ஊசியை எடுத்துட்டாளாமா?" இன்னும் இல்லை என்று ஆறு தடவை சொல்லிவிட்டேன். இப்போதும் நிற்கிறாள்.

உன் அம்மா